காசியில் விட்ட பழம்

அனந்தகிருஷ்ணன் தின்ற முறுக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு இந்தப் பம்பாயில் எத்தனையோ பெண்கள் நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. பரேலில் நாங்கள் வேலை பார்த்த மில்லில் அந்தப் புடவைக் கரைக்கு 305 என்று நம்பர். கரை வரைகிற பிரிவில் அவன் பதினாறு வருஷம் இருந்தான். நான் அதே மில்லில் கடிதம் எழுதும் குமாஸ்தா. மாட்டுங்காவில் ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர் வீடு. பஞ்சு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவன் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

305 முறுக்கு. 212 பாதி விரிந்த மல்லிகை மொட்டு. 417 ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அவன் பெண்டாட்டியின் முதுகில் ஈரக் கூந்தல் விழுந்து வளைந்த கோடு. இதை அவன் லோக்கல் ரயிலில் என் காதோடு சொன்னபோது எனக்கு முகம் சுட்டுவிட்டது. அந்த வருஷம் தீபாவளிக்கு என் வீட்டு அம்மிணி கட்டியிருந்தது அதே 417. அடுத்தவன் பெண்டாட்டியின் முதுகைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்த அசடு நான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மிணியிடம் சொல்லவில்லை.

அந்தப் பெண்டாட்டியின் பெயர் வாலாம்பாள். அழகி என்று சொல்ல முடியாது. எதையும் அரைகுறையாக அனுபவிக்கத் தெரியாதவள், அவ்வளவுதான். காபியைக் குடிப்பதற்கு முன்னால் தம்ளரை மூக்கருகில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். புதுப் புடவை வந்தால் முதலில் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள். மே மாத வெயிலில் தரையைத் துடைத்துவிட்டு அந்த ஈரத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அனந்தகிருஷ்ணன் கட்டம் போட்ட தாளை விரித்துப் பென்சிலோடு உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் படுத்து எதையாவது கொறித்துக்கொண்டே பார்ப்பாள். பிடிக்காவிட்டால் அவள் சொல்வது ஒரே வார்த்தை. "இதைப் பார்த்தா பசிக்கலையே." அவன் உடனே அழித்துவிட்டு வேறு வரைவான். மில்லில் அவனுக்கு மேலே டிசைன் மாஸ்டர் ஒருவர் இருந்தார், பார்ஸி. ஆனால் நிஜமான மாஸ்டர் இவள்தான்.

மாம்பழக் காலத்தில் அந்த வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது. அவளுக்கு ஆபூஸ் ரகம் எல்லாம் லட்சியமில்லை, பாயரிதான் வேண்டும். கத்தி படக் கூடாத பழம் அது. கையால் பிசைந்து, காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, அப்படியே உறிஞ்ச வேண்டும். வாலாம்பாள் வாசற்படியிலேயே உட்கார்ந்து உறிஞ்சுவாள். சாறு மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை ஓடும், அவள் கையைத் தூக்கி அதையும் விடாமல் நாக்கால் பிடிப்பாள். மாடிப்படி ஏறி வருகிற நாங்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போவோம். அனந்தகிருஷ்ணன் மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த முழங்கையிலிருந்து வந்ததுதான் 388, மாங்காய்க் கரை. ஏழு வருஷம் விற்றது.

1943 ஐப்பசியில் டைபாய்டு வந்து மூன்று வாரத்தில் அவள் போய்விட்டாள். குழந்தை கிடையாது. பாலக்காட்டிலிருந்து அவனுடைய அக்கா மீனாட்சியம்மாள் காரியத்துக்கு வந்தாள், வந்தவள் தம்பிக்குச் சமைத்துப் போட இங்கேயே தங்கிவிட்டாள். பதினேழு வயதில் தாலி அறுத்தவள். கரையில்லாத வெள்ளை, தலைமேல் முக்காடு, வாயில் எப்போதும் ஏதோ ஒரு ஸ்லோகம். தை மாதம் அக்காவும் தம்பியுமாக அஸ்தியை எடுத்துக்கொண்டு காசிக்குப் போனார்கள்.

காசிக்குப் போனால் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விட்டுவிட்டு வர வேண்டும். பிடித்ததை விட வேண்டும் என்பதுதான் முறை. யார் அப்படி விடுகிறார்கள்? நானும் போயிருக்கிறேன். காய் என்று சுரைக்காயை விட்டேன், பழம் என்று விளாம்பழத்தை விட்டேன், இலைக்கு ஆல இலை. இதில் எதையும் நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, தொட்டதில்லை. எங்கள் கட்டடத்தில் காசிக்குப் போய் வந்த அத்தனை பேரும் இந்த மாதிரிதான். கங்கைக்கும் இது தெரியும், கண்டுகொள்வதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அனந்தகிருஷ்ணன் கத்திரிக்காயையும் மாம்பழத்தையும் வெற்றிலையையும் விட்டுவிட்டு வந்தான். மூன்றும் அவனுக்கு உயிராக இருந்தவை. சடங்கு நடத்திய பண்டா கேட்டபோது மீனாட்சியம்மாள் பக்கத்தில் நின்று, பொய் சொல்லி விடாதே, பிடிச்சதை விட்டால்தான் அவளுக்கு நல்ல கதி என்று சொன்னாளாம். அவனும் அப்படியே நம்பினான். விட்டதைத் திரும்பத் தொட்டால் வாலாம்பாள் போகிற வழியில் எங்கேயோ நின்றுவிடுவாள் என்று அவனுக்கு ஒரு பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

காசி கேட்டது மூன்றுதான். பாக்கி எல்லாம் தானாகவே அவனை விட்டுப் போயிற்று. மாம்பழக் கூடை இருக்கிற பக்கமே நடக்கமாட்டான், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போவான். அது விரதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காபியை யாரும் அவனை விடச் சொல்லவில்லை. ஒருநாள் அம்மிணி கை மறதியாகச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவன் முழுத் தம்ளரையும் குடித்து, வைத்துவிட்டு, வரேன் மன்னி என்று எழுந்து போனான். பிறகு தன் தம்ளரை வாயில் வைத்த அம்மிணி துப்பிவிட்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் மீனாட்சியம்மாள் மேல் வைத்துக்கொண்டேன்.

அவள் சமையல் அப்படி. மிளகும் உப்பும் கணக்குப் பார்த்து விழும். தாளிப்பு என்று ஒன்று இருப்பதே அந்த வீட்டுக்கு மறந்துபோயிற்று. தட்டில் விழுந்ததை அவன் தின்றான். வேணும் என்றும் சொன்னதில்லை, போதும் என்றும் சொன்னதில்லை. அவள் பரிமாறுவதை நிறுத்தினால் இவன் தின்பதை நிறுத்துவான். அம்மிணி இதை எதிர்வீட்டுக் கதவு வழியாக மாதக்கணக்கில் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

அவன் கை என்ன ஆயிற்று என்பது இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மில்லில் எல்லாத் தறியிலும் காக்கி. காக்கிக்குக் கரை எதற்கு? அனந்தகிருஷ்ணன் காலையில் வந்து மேஜையில் உட்கார்ந்து கெஜக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு மாலையில் என்னோடு ரயில் ஏறினான். ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், ஒண்ணுமில்லை என்பான். அது பொய்யில்லை.

1946 பிறந்ததும் புடவைத் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. நாலைந்து வருஷமாக நல்ல கரை போட்ட புடவை காணாத ஊர், தீபாவளிக்குள் புதிதாக ஆறு கரை வேண்டும் என்றார் மாஸ்டர். அனந்தகிருஷ்ணன் வரைந்தான். பிப்ரவரியில் கலவரமும் கடையடைப்புமாக ஊர் அல்லோலப்பட்ட நாட்களிலும் வீட்டில் உட்கார்ந்து வரைந்தான். காம்பஸ் வைத்து, அளவுகோல் வைத்து வரைந்தான். முன்பெல்லாம் அந்தக் காம்பஸ் பெட்டியை அவன் திறந்தே நான் பார்த்ததில்லை. மாஸ்டர் ஒவ்வொரு தாளாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு தப்பும் இல்லை, ஆனால் இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மே கடைசிக்குள் உருப்படியாக ஒரு மாங்காய்க் கரை வராவிட்டால் மடிப்புப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். மடித்து அடுக்கிய துணியில் கெஜ முத்திரை குத்துகிற வேலை அது. காலையிலிருந்து மாலை வரை ஒரே முத்திரை.

அன்று ரயிலில் அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு வந்தான். தாதர் தாண்டியதும் பேசினான். "வாலா போனா. இந்தக் கையும் போயாச்சுன்னா நான் எதுக்காக்கும் இருக்கேன், பஞ்சு?"

இரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொந்த வார்த்தை என்று எனக்குப் பட்டது. ஒரு பழத்தைத் தின்று தொலையேன், அதில் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று சொன்னேன். வாலாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டான். செத்தவளுக்கு இனிமேல் என்ன ஆகவேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மிணியிடம் மீனாட்சியம்மாளைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கல்நெஞ்சுக்காரி என்றது அதில் மரியாதையான வார்த்தை.

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, அரை நாள் வேலை. மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தோம். வாசலில் சொர்ணம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தாராவியிலிருந்து வருகிற திருநெல்வேலிக்காரி, மாம்பழக் காலத்தில் மாம்பழம், மற்ற நாளில் வாழைப்பழம். வழக்கமாக எதிர்ச்சாரிக்குப் போகிறவன் அன்று போகவில்லை. நேராக அவள் முன்னால் போய் நின்று, ஒரு பாயரியை எடுத்து அவளையே தின்னச் சொன்னான். பழத்துக்குக் காசு தான் தருவதாகவும் சொன்னான். எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துவிடலாம் போல இருந்தது.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், கூட வந்த நானாவது சரியாக இருக்கிறேனா என்று பார்த்திருப்பாள். காசியில் விட்டுவிட்டேன், நான் தின்னக் கூடாது, தின்பதைப் பார்க்க வேண்டும் என்று அவன் குழந்தை மாதிரி விளக்கினான். சரி, வெயிலில் தாகமாகத்தான் இருக்கிறது என்று அவளும் ஒரு பழத்தைப் பிசைந்து காம்பைக் கிள்ளி வாயில் வைத்தாள். வெட்கமில்லாமல் உறிஞ்சினாள். சாறு மணிக்கட்டைத் தாண்டி வளையலுக்குள் புகுந்து முழங்கைக்கு இறங்கியது. அனந்தகிருஷ்ணன் குனிந்து பார்த்தான். ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவன் போலத்தான் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"சாமி, நான் தின்னா ஒங்களுக்கு ருசிக்குமா?" என்றாள். இன்னொரு பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்து அவன் கையில் வைத்தாள். "அந்த அம்மாவ நான் பாத்திருக்கேன். டஜன் டஜனா வாங்குவாவ. ஒங்களுக்கு இல்லைன்னு சொல்ற மனசு இல்ல அவியளுக்கு."

அவன் தின்றான். ஸ்டேஷன் வாசலில், சனிக்கிழமைக் கூட்டத்தில், கோட்டும் தொப்பியுமாக நின்றுகொண்டு பழத்தைப் பிசைந்து உறிஞ்சினான். கொட்டை வெளுக்கும் வரை உறிஞ்சினான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நாக்கில் ஒன்றும் தெரியவில்லை என்றான். விரதமும் போயிற்று, ருசியும் வரவில்லை. ஆனால் அவன் கையைத் துடைக்கவில்லை. கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டு, சாறு ஓடிய தடத்தை வெயிலில் காயவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தான். ஈ மொய்த்தது. அதையும் விரட்டவில்லை.

ஞாயிறு முழுக்க வரைந்தான். காம்பஸ் பெட்டி மூடியே கிடந்தது. சாற்றைக் கழுவாமல் பிசுபிசுத்த கை தாளில் ஒட்டி ஒட்டிப் பிரிந்ததில் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து போயிற்று. ஒரு மாங்காய் மாதிரி அடுத்த மாங்காய் இல்லை, ஒவ்வொன்றும் கீழே சொட்டப்போகிற மாதிரி நின்றது. திங்கட்கிழமை மாஸ்டர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோகவில்லை. மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டு, டிபன் வண்டி வந்தாயிற்றா என்று பியூனைக் கேட்டார். அப்போது மணி பத்தரை. 502 என்று நம்பர் கொடுத்தார்கள். மடிப்புப் பிரிவுப் பேச்சு அதோடு நின்றது.

அக்காவிடம் அவன் மறைக்கவில்லை. பழம் தின்ற அன்றைக்கே சொல்லிவிட்டான். அவள் கத்துவாள் என்று நானும் அம்மிணியும் கதவருகில் நின்றோம். அவள் எப்போதும் போலத் தட்டை வைத்தாள், சாதத்தைப் போட்டாள், உள்ளே போய்விட்டாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அப்படியே ஓடின. அவன் பழையபடி போட்டதைத் தின்று, ஆபீஸ் போய், இன்னும் மூன்று கரை வரைந்தான். கை திரும்பிவிட்டது. ஆள் திரும்பியதாகத் தெரியவில்லை.

ஆகஸ்டில் 502 தறியிலிருந்து வந்தது. புதுக் கரையின் முதல் புடவையை வரைந்தவன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது எங்கள் மில் வழக்கம். எல்லா முதல் புடவையும் வாலாம்பாளுக்குத்தான் போகும். அவன் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கட்டிக்கொள்ள ஆள் இல்லை என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கையில் புடவையோடு வெகுநேரம் நின்றான். பிறகு அதை டிரங்குப் பெட்டி மேல் வைத்தான். அது அங்கேயே கிடந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம், மழை. பேப்பர் வாங்க நான் எதிர்வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மீனாட்சியம்மாள் தரையில் உட்கார்ந்து புடவையை மடியில் விரித்திருந்தாள். முப்பது வருஷமாகக் கரை படாத அவள் விரல் அந்தக் கரை மேல் மெதுவாகப் போயிற்று. மாங்காய் ஒவ்வொன்றையும் அதன் வளைவோடு தடவினாள். நான் வந்ததை அவள் பார்த்தாள், கையை எடுக்கவில்லை.

"என்னையும் கூட்டிண்டு போனா காசிக்கு, பதினெட்டு வயசுல," என்றாள், தம்பியைப் பார்க்காமல். "நேக்கு எது பிடிக்கும்னு யாரும் கேக்கலை. மாமனார் பண்டாகிட்ட சொன்னார், இவளுக்கு மாம்பழம்னா உசிரு, அதை விடச் சொல்லும்னு. முப்பது வருஷமாச்சு. ருசியே மறந்து போச்சுடா. நீதான் தின்னயே, சொல்லேன். எப்படி இருந்தது?"

மாமனார் தேர்ந்து கொடுத்ததைத்தான் இவள் தம்பிக்கும் தர்மம் என்று கொடுத்திருக்கிறாள். நான் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

அனந்தகிருஷ்ணன் சுவரிலிருந்து நிமிர்ந்தான். தெரியலை அக்கா, நேக்கு ஒண்ணும் தெரியலை என்றான். பிறகு எழுந்து குடையை எடுத்துக்கொண்டு மழையில் போனான். மாட்டுங்கா மார்க்கெட், தாதர், பைகுல்லா எல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் நனைந்து வந்தான். ஆகஸ்டில் எங்கே மாம்பழம்? அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். மாம்பழம் பற்றி அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. புடவை மட்டும் பெட்டி மேலிருந்து அவள் படுக்கிற பாயின் தலைமாட்டுக்குப் போயிற்று.

1947 சித்திரையில் சொர்ணம்மாள் கூடையில் முதல் பாயரி வந்தது. இரண்டே இரண்டு பழம் வாங்கினான். நானும் கூட இருந்தேன், வேண்டுமென்றே கூடவே அவன் வீட்டுக்குள் போனேன். அவன் ஒன்றை அக்காவிடம் நீட்டினான். அவள் வாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தமே இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது. அரைமணி ஆகியிருக்கும். கதவு திறந்தது. முக்காடு நழுவிக் கிடந்தது, அதை இழுத்துவிட அவளுக்குக் கை இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சாறு, வெள்ளைப் புடவையில் மஞ்சளாக ஒரு கறை.

"ஒரே புளிப்புடா," என்றாள்.

முப்பத்தொரு வருஷம் கழித்து ஒரு பழம், அதுவும் இப்படி அமைந்துவிட்டதே என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள்.

"இன்னொண்ணு இருக்கோல்லியோ, கொடு."

அனந்தகிருஷ்ணன் பழத்தைக் கையில் எடுத்தான். ஆனால் கொடுக்கவில்லை. அவன் தொண்டை ஏறி இறங்கியது. எச்சில் விழுங்குகிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நேக்கும் வேணும் அக்கா," என்றான்.